முப்பத்தொன்றாம் எண் கம்பம்

பெல் தெரு, மார்ஷ் பாயின்ட்
நவம்பர் 29

டெல்ஃபினா,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம்மில் ஒருத்தி வைத்துவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன்.

பதினாறாம் தேதி நீயும் உன் ஆட்களும் நம் வீட்டு வாசல் மின்கம்பத்திலிருந்த கிளிக்கூட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனீர்கள். நான் நூலகத்தில் இருந்தேன். மாலை வந்தபோது தெருவில் நான்கைந்து குச்சிகள் மட்டும் கிடந்தன. மிஸஸ் டொனெல்லி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "உங்க அக்கா வேலைன்னா வேலைதான் போ. நாப்பது நிமிஷம். பெருக்கிக்கூட விட்டுட்டாங்க" என்றாள்.

வீடு போய்விட்டது என்பது கிளிகளுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. இருபத்து மூன்று கிளிகள் அதே இடத்தில், கம்பியின்மேல், ஒன்றோடொன்று நெருங்கி ஆறு நாள் உட்கார்ந்திருந்தன. தாங்க்ஸ்கிவிங் பண்டிகையன்று கடற்காற்றோடு உறைபனி வந்தது. காலையில் வேலிக்கடியில் ஒன்பதைப் பொறுக்கினேன். ஒன்று ஓர் ஆரஞ்சுப் பழத்தின் எடைகூட இல்லை. ஷூ பெட்டியில் வைத்துப் புதைத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவராகவே கேட்டார்: "என்னடி இது, வெளியில சத்தத்தையே காணோம்? ஊரையே காலி பண்ணிட்டாங்களா?"

அப்பாவுக்காகத்தான் செய்தேன் என்று நீ சொல்வாய். அக்டோபர் மழையில் அந்தக் கூட்டின் ஈரக் குச்சிகள் டிரான்ஸ்பார்மரில் பட்டு வெடித்ததையும், நான்கு மணி நேரம் அப்பாவின் ஆக்சிஜன் இயந்திரம் நின்றுபோனதையும் நான் மறக்கவில்லை. சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டபோது அவருடைய விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அதனால்தான் உன்மேல் முழுதாகக் கோபப்படக்கூட முடியவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

கிறிஸ்துமசுக்கு நீ வர வேண்டாம்.

இனேஸ்


டோரிங்டன்
டிசம்பர் 9

இனேஸ்,

எனக்குக் கடிதம் எழுதத் தெரியாது. வேலைச் சீட்டு எழுதத் தெரியும். அப்படியே எழுதுகிறேன்.

நாள்: நவம்பர் 16. இடம்: பெல் தெரு, எண் 31 கம்பம். வேலை: பறவைக் கூடு அகற்றுதல். குழு: நான்கு பேர், பொறுப்பு நான். விதி: மார்ச் முதல் ஆகஸ்டுவரை, குஞ்சு இருக்கும் காலத்தில், கூட்டைத் தொடக்கூடாது. நவம்பரில் தடையில்லை. விதிப்படி எந்தத் தவறும் நடக்கவில்லை.

நீ ஒன்பது என்று எழுதியிருந்ததை டெரன்ஸிடம் காட்டினேன். பன்னிரண்டு வருடமாக என்னோடு கம்பம் ஏறுகிறவன். அவன் முகம் மாறிவிட்டது.

"நவம்பர்ல எந்தக் குருவி கூட்டுல இருக்கும் டெல்? குஞ்சு பறந்துச்சுன்னா கூடு காலி. ராபின் குருவிக் கூடு எத்தனை பிடுங்கியிருக்கோம்!"

"காலின்னு யாருடா ஏறிப் பாத்தது?"

"யாரும் பாக்கல."

"நானும் பாக்கல."

இதுதான் விஷயம். இந்த ஊர்ப் பறவைகளுக்குக் கூடு என்பது பிரசவ அறை. வேலை முடிந்தால் விட்டுவிட்டுப் போகும். உன் கிளிகள் வருடம் முழுக்க அதற்குள் தூங்குகின்றன என்பதும், பனிக்காலத்தில் அது இல்லாமல் பிழைக்காது என்பதும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. விதியை எழுதியவனுக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது ஒன்று உண்டு. சோதித்துப் பார்க்கும்வரை எந்தக் கம்பியிலும் மின்சாரம் ஓடுகிறது என்றே வைத்துக்கொள். பத்தொன்பது வருடத்தில் ஒரு கம்பியைக்கூட நான் சோதிக்காமல் தொட்டதில்லை. அன்று தொட்டேன். கம்பி இல்லை, கூடுதானே என்பதால் சோதிக்கத் தோன்றவில்லை.

கிறிஸ்துமசுக்கு வரவில்லை. அன்று எனக்கு வேலையும் இருக்கிறது. அப்பாவுக்கு இன்னும் இரண்டு சிலிண்டர் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வாங்கி வை.

டெல்ஃபினா


பெல் தெரு
ஜனவரி 20

டெல்ஃபினா,

சிலிண்டர்கள் வந்தன. கொண்டுவந்தவன் அப்பாவிடம், "உங்க பெரிய பொண்ணு போன்லயே என்னை மெரட்டுறாங்க சார்" என்றான். அப்பாவுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். "நானும் பாக்கல" என்று நீ சொன்னதாக நீயே எழுதியிருந்தது எனக்குப் போதும்.

மிச்சமிருந்த பதினான்கும் மீண்டும் கட்டிவிட்டன. வேறெங்கும் இல்லை, அதே 31-இல். கிறிஸ்துமஸ் வாரம் இரண்டு வாசல்கள் இருந்தன, இப்போது ஐந்து. மிஸஸ் டொனெல்லியின் செடிகளிலிருந்து பச்சைக் குச்சியாகப் பார்த்து நறுக்கிக்கொண்டு போகின்றன. அவள் துடைப்பத்தோடு வெளியே வந்து, "காசு குடுத்து வாங்கினா கடையில இதவிட நல்ல கிளி கெடைக்கும்டா, திருட்டுப் பசங்களா!" என்று கத்துகிறாள். மறுநாள் காலை அவளே சூரியகாந்தி விதை போடுகிறாள்.

நூலகத்தில் இவற்றைப் பற்றி இருந்ததையெல்லாம் படித்துவிட்டேன். உலகத்தில் மற்றக் கிளிகள் எல்லாம் பொந்து தேடுகிறவை. குச்சியடுக்கி வீடு கட்டுகிறவை இவை மட்டும்தான். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி அறை, தனி வாசல். ஆனால் சுவர் பொது. ஒருத்தியின் கூரை அடுத்தவளின் தரை. மழை உள்ளே வராதபடி வாசலைக் கீழ்நோக்கி வைக்கின்றன. காற்று அசைத்தாலும் குச்சிகள் விழுவதில்லை. ஒவ்வொன்றும் இன்னொன்றின் கவட்டில் சிக்கியிருக்கிறது. ஆணியும் கயிறும் இல்லாமல், வாய் ஒன்றை வைத்துக்கொண்டு! ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் காபி ஆறிவிடுகிறது.

இவை இந்த ஊர்ப் பறவைகள் இல்லை என்பது எனக்குத் தெரியும். அர்ஜென்டினாவிலிருந்து பெட்டியில் வந்து, தப்பித்து, பெருகியவை. மிஸஸ் டொனெல்லி ஒருநாள் அப்பாவிடம், "நீங்களும் போர்த்துகீசு தீவுலேருந்து பெட்டியோட வந்தவருதானே" என்றாள். அப்பா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, "வந்தேன். ஆனா நான் யாரோட டிரான்ஸ்பார்மர்லயும் குடித்தனம் பண்ணலியே" என்றார்.

இப்போது விஷயம். உங்கள் அலுவலகத்திலிருந்து வீடு வீடாகச் சீட்டு வந்திருக்கிறது. பிப்ரவரி 11 முதல் இந்த வட்டாரத்தின் எல்லாக் கூடுகளும் அகற்றப்படும் என்று. பிப்ரவரியில் எடுத்தால் பதினான்கும் போய்விடும். எடுக்காவிட்டால், அடுத்த மழையில் அப்பா. அந்தக் கம்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். எனக்கு வழி தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

இனேஸ்


டோரிங்டன்
பிப்ரவரி 6

இனேஸ்,

ஹார்ட்லியிடம் போனேன். எங்கள் மேலதிகாரி. கெட்டவர் இல்லை, அவசரக்காரர். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"பனி விடுறதுக்கும் முட்டை வைக்கிறதுக்கும் நடுவுல மூணு வாரம் இருக்கு சார். மார்ச் கடைசி. அப்ப எடுக்குறேன்."

"கிளிக்கு முகூர்த்தம் பாக்குறியா டெல்ஃபினா?"

"இப்ப எடுத்தா செத்துடும். அப்புறம் பேப்பர்ல போட்டோ வரும், டிவிக்காரன் வருவான். நீங்கதான் பேட்டி குடுக்கணும்."

பேனாவை மேஜையில் தட்டினார். "எடுத்தா மட்டும் என்ன? ரெண்டு வாரத்துல மறுபடி அங்கயே கட்டும். போன தடவை கட்டல?"

அவர் சொன்னது உண்மை. அதனால் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மார்ச் 28 ஒரே நாளில் உங்கள் தெருக் கூட்டை நான் எடுக்க வேண்டும். எடுத்த நாளிலிருந்து அறுபது நாள் தவணை; வட்டாரத்தின் மற்றக் கூடுகளை அதுவரை தொட மாட்டார்கள். அதற்குள் 31-இல் மறுபடி கட்டினால் வெளி ஆட்களை வைத்து வலை போட்டுப் பிடித்துவிடுவார்கள். பிடித்த பிறகு என்ன ஆகும் என்று கேட்டேன். "அது அவங்க வேலை" என்றார். என்ன என்று இருவருக்கும் தெரியும்.

ஆக, அவற்றுக்குப் போக வேறு இடம் வேண்டும். படகுத்துறை மைதான ஓரத்தில் கம்பி கழற்றிய பழைய கம்பம் ஒன்று நிற்கிறது. டெரன்ஸ் தேவதாரு மரத்தில் நல்ல அகலமான தட்டு ஒன்று செய்து அதில் பொருத்தியிருக்கிறான். ஓரமெல்லாம் இழைத்திருக்கிறான். உன் ஜன்னலிலிருந்து தெரியும். பார்த்து எழுது.

டெல்ஃபினா


பெல் தெரு
மார்ச் 3

டெல்ஃபினா,

டெரன்ஸின் தட்டில் ஒரு கடற்காகம் குடியேறியிருக்கிறது. முழு வசதியோடு. டெரன்ஸிடம் பக்குவமாகச் சொல்.

கிளிகள் மூன்று வாரத்தில் இரண்டே முறை அதில் வந்து உட்கார்ந்தன. ஒரு ஜோடி குச்சியோடு வந்தது. வைத்தது, காற்று தள்ளியது. மறுபடி வைத்தது, மறுபடி தள்ளியது. பிறகு நம் வாசலுக்கே திரும்பிவிட்டன.

அதனால் இங்கே என்ன செய்கின்றன என்று பார்க்க ஆரம்பித்தேன். புதிதாக ஓர் அறை கட்டத் தொடங்கும் ஜோடி முதல் குச்சியை எங்கே வைக்கிறது என்று மட்டும். டிரான்ஸ்பார்மர் உருளைக்கும் அதைக் கம்பத்தோடு பிடித்திருக்கும் இரும்புக் கொக்கிக்கும் நடுவில் ஒரு குறுகலான மூலை இருக்கிறதே, அங்கே. கவட்டைக் குச்சியாகத் தேர்ந்தெடுத்து, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அந்த இடுக்கில் செருகுகிறது. விழுகிறது. இறங்கி வந்து அதே குச்சியை எடுத்துப்போகிறது. நேற்று ஒன்று நாற்பத்தொரு முறை செருகியது. நாற்பத்திரண்டாவது நின்றது. உடனே அதன் ஜோடி வந்து அந்தக் குச்சியை இழுத்துப் பார்த்தது. உறுதியாக இருக்கிறதா என்று சோதிக்கிறது, டெல்ஃபினா. உங்களைப் போலவே.

முதல் குச்சி நின்றுவிட்டால் மற்றது வேகமாக நடக்கிறது. தட்டில் அந்த முதல் குச்சிக்கு இடமில்லை. அவற்றுக்குச் சூடு வேண்டும் என்று சில புத்தகங்களில் எழுதியிருக்கிறது. நான் பார்த்தவரையில் வேண்டியது மூலை.

உன் டிரான்ஸ்பார்மரைத்தான் அவை விரும்புகின்றன. அதிலுள்ள மின்சாரத்தை இல்லை, வடிவத்தை. இது உனக்கு உதவுமா என்று தெரியவில்லை.

இனேஸ்


பெல் தெரு
மார்ச் 28, மாலை

டெல்ஃபினா,

நீ லாரியில் ஏறிப் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. வாசலில் நின்று நீ, "அப்பா எப்படியிருக்காரு?" என்றாய். நான், "நல்லாயிருக்காரு" என்றேன். நான்கு மாதத்துக்கு அவ்வளவுதான் நம்மால் முடிந்தது. மீதியை எழுதுகிறேன்.

போன வாரம் நீயும் டெரன்ஸும் அந்தப் பழைய கம்பத்தில் காலி டிரான்ஸ்பார்மர் உருளையைத் தொங்கவிட்டபோது மிஸஸ் டொனெல்லி என்னைக் கூப்பிட்டு, "கிளிக்குக் கரண்ட் கனெக்ஷன் குடுக்குறாங்களா என்ன?" என்று கேட்டாள். உள்ளே எண்ணெயில்லை, வயரில்லை, வெறும் தகரக் கூடு என்று விளக்கினேன். "உங்க அக்காவுக்கு மூளை இருக்குடி" என்றாள். தெரியும் என்றேன்.

இன்று காலை பத்து மணிக்குத் தெருவின் மின்சாரத்தை நிறுத்தினாய். ஒரு மணிக்கு வந்துவிடும் என்று சொன்னாய். அப்பாவுக்குச் சிலிண்டரை மாட்டிவிட்டு ஜன்னலை ஒட்டி நாற்காலியைப் போட்டேன். முள்ளை ஒரு கண்ணாலும் உன்னை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளிகள் மேயப் போகும்வரை காத்திருந்தாய். பிறகு ஒவ்வொரு வாசலிலும் ஒரு சிறிய கேமராவை விட்டு, திரையைப் பார்த்து, தலையசைத்த பிறகே அறுத்தாய். பிய்த்துப் போடவில்லை. கேக் வெட்டுவதுபோல் துண்டு துண்டாக எடுத்து, கையில் வாங்கி, நீ நின்றிருந்த லாரித் தூக்குக் கூடைக்குள் வைத்தாய். அந்தத் துண்டுகளைக் கலைக்காமல் கொண்டுபோய்ப் பழைய கம்பத்தின் கொக்கிகளுக்கு நடுவில் டெரன்ஸ் வைத்தான். நீங்கள் பேசியது திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கேட்டது.

"இது யாரோட வீடுன்னு நம்பர் போடட்டுமா டெல்?"

"அதுங்க பாத்துக்கும். நீ தலைகீழா வெக்காத, போதும்."

ஆறாவது, கடைசி வாசலில் நீ நின்றுவிட்டாய். உள்ளே ஒன்று இருந்தது. தட்டினாய், கூப்பிட்டாய், கூடையைக் கீழே இறக்கி விலகிப்போய் நின்றாய். வரவில்லை. மணி பன்னிரண்டானது, பன்னிரண்டரையானது. கையை விட்டு எடுக்கலாம் என்று ஒருவன் சொன்னான். நீ, "உனக்கு ஒரு விரல் அதிகமா இருக்கா?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, நம் ஜன்னலைப் பார்த்தாய்.

இங்கே முள் கால் பங்குக்கு வந்திருந்தது. இன்னொரு சிலிண்டர் இருந்தது, ஆபத்தில்லை. ஆனாலும் நான் உன்னைக் கூப்பிட எழுந்தேன். அப்பா, "உக்காரு. பெரியவளுக்கு மணி பாக்கத் தெரியும்" என்றார்.

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது இயந்திரம் ஓட ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தேன். அந்த ஒற்றை அறை, கிளியோடு, இன்னும் 31-இல் ஒட்டிக்கொண்டிருந்தது. மின்கம்பியில் படாமல் சுற்றிலும் வெட்டிவிட்டு, ஃபியூஸைப் போட்டுவிட்டாய். அப்பாவையும் காக்க வைக்கவில்லை, அதையும் பிடுங்கவில்லை. பிறகு லாரியின் முன்பக்கத்தில் சீட்டை வைத்து எழுதினாய். டெரன்ஸ் எட்டிப் பார்த்து, "முடியலன்னு எழுதுறியா? நீயா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்த வார்த்தையை நீ எழுதியதில்லை என்று எனக்குத் தெரியும். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று ஹார்ட்லி சொன்னதும் தெரியும்.

உன் வேலையை நான் இதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. அக்காவின் வேலை என்றால் சேறு படிந்த பூட்ஸ், பண்டிகை நாளில் காலி நாற்காலி, இவ்வளவுதான் எனக்கு. இன்று மூன்று மணி நேரம் பார்த்தேன். நன்றாக எழுதப்பட்ட ஒரு புத்தகத்தைப் படிக்கும்போது, இதை இப்படிச் செய்ய இவளுக்கு எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று நடுவில் நிறுத்தி யோசிப்பேன். அதுபோல இருந்தது.

இனேஸ்


டோரிங்டன்
ஏப்ரல் 14

இனேஸ்,

உன் கடிதத்தை டெரன்ஸ் கேட்டான், தரவில்லை.

மறுநாள் நடந்தது உனக்குத் தெரியாது, நீ வேலைக்குப் போய்விட்டாய். எனக்கு விடுமுறை நாள். ஹார்ட்லியிடம் கெஞ்சி லாரியை வாங்கிக்கொண்டு ஏழு மணிக்கு வந்தேன். அந்த ஒற்றைக்கிளி வெளியே வந்து கூரைமேல் உட்கார்ந்திருந்தது. பழைய கம்பத்தில் ஒரே கூச்சல். அவை தங்கள் துண்டுகளைக் கண்டுபிடித்துவிட்டன. எது யாருடையது என்று சண்டை.

நான் கையுறை மாட்டும்போது பழைய கம்பத்திலிருந்து ஒன்று பறந்து வந்தது. ஜோடியாக இருக்கும். வந்து அந்தக் கடைசி அறையிலிருந்து ஒரு குச்சியை உருவிக்கொண்டு அங்கே பறந்தது. ஒற்றைக்கிளி கத்தியது. பிறகு அதுவும் ஒன்றை உருவியது. நான் ஏறவில்லை. லாரிப் படியில் உட்கார்ந்து காபி குடித்தேன். பதினொன்றரைக்குக் கடைசிக் குச்சியும் போய்விட்டது. அதற்கப்புறம் ஏறி, அந்த மூலைகளையெல்லாம் வழுக்கும் பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்தேன். சீட்டில் "முடிந்தது" என்று எழுதினேன். "வேலை செய்தவர்" என்ற இடத்தை என்ன செய்வது என்று தெரியாமல் காலியாக விட்டேன். ஹார்ட்லி கூப்பிட்டுக் கேட்டார். சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.

உனக்குப் பிடிக்காத ஒன்றும் சொல்ல வேண்டும். இவற்றை இப்படியே விட்டால் பதினான்கு நாற்பதாகும், நாற்பது நூறாகும். அப்புறம் ஊரில் எல்லாக் கம்பத்துக்கும் வரும், வலையும் வரும். பழைய கம்பத்தின் உயரம் குறைவு. மே மாதம் ஏறி, ஒவ்வொரு அறையிலும் இரண்டு முட்டையை விட்டுவிட்டு மற்றதில் சோள எண்ணெய் தடவப்போகிறேன், ஓட்டுக்குள் உயிர் வளர்வதற்கு முன்பே. அடைகாக்கும், பொரியாது. பக்கத்து மாநிலத்தில் வாத்துகளுக்கு இப்படிச் செய்கிறார்கள். உன்னிடம் மறைத்துச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

டெல்ஃபினா


பெல் தெரு
மே 28

டெல்ஃபினா,

எண்ணெயைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் அந்தக் கோபத்துக்குக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. நீ சொன்னதுதான் சரி. நீ ஏறிய அன்று நான் ஜன்னல் திரையை மூடிக்கொண்டேன். அதைத் தவிர வேறு எதிர்ப்பு இல்லை.

நேற்றோடு அறுபது நாள். ஹார்ட்லியே வந்தார். 31-இன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். உன் பிளாஸ்டிக் மூடிமேல் ஒரு கிளி வந்து உட்கார்ந்து, வழுக்கி, திட்டிக்கொண்டே பறந்துபோனதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மைதானத்துக்கு நடந்துபோய்ப் பழைய கம்பத்தைச் சுற்றி வந்தார். ஏழு வாசல். "வலை போடும் உத்தரவு ரத்து" என்று என்னிடமே ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது, "மத்த பதிமூணு கூட்டையும் இப்படியே பண்ணச் சொல்லி உங்க அக்கா என் உயிரை எடுக்குறா" என்றார்.

அப்பா காலையில் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார். சத்தம் முன்பைவிடத் தூரத்திலிருந்து வருகிறது. "இப்பதான் சரியான தூரம்" என்கிறார்.

இனேஸ்


டோரிங்டன்
ஜூன் 14

இனேஸ்,

நேற்று மதியம் அடித்த மழையையும் இடியையும் நீ பார்த்திருப்பாய். கடலோரம் முழுக்க நாற்பத்தேழு இடத்தில் மின்சாரம் போய்விட்டது. பட்டியல் வந்ததும் மார்ஷ் பாயின்ட்டைத் தேடினேன். இல்லை. டெரன்ஸிடம் கொடுத்து அவனையும் பார்க்கச் சொன்னேன். "உங்க தெரு இல்ல டெல். விட்டுத் தள்ளு, வண்டியில ஏறு" என்றான்.

நானும் யோசித்துப் பார்த்தேன். இந்த இரண்டு வருடத்தில் ஏதாவது வெடித்தாலோ, விழுந்தாலோ, பிடுங்க வேண்டியிருந்தாலோதான் அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறேன். எதுவும் கெட்டுப்போகாத வீட்டுக்கு எப்படி வருவது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்து பார்க்கிறேன். லாரியில் இல்லை, என் காரில். நீ ஒன்றும் சமைக்காதே, போர்த்துகீசு பேக்கரியில் இனிப்பு ரொட்டி வாங்கி வருகிறேன்.

அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லாதே. சொன்னால் காலை ஆறு மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இல்லை, சொல். உட்கார்ந்திருக்கட்டும்.

டெல்